நாலுக்கு ஒன்று

ஆறு மணிக்கெல்லாம் மிஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டன. கீழே சந்தில் பால்காரன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஆறரைக்குள் எல்லம்மா அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி, முதல் பத்துப் பினஃபோர்களுக்கு மடிப்பு வைத்து முடித்திருந்தாள். ஒரு மடிப்புக்கு மூன்று அழுத்து. ஒவ்வொரு அழுத்துக்கும் ஆவி புஸ்ஸென்று எழுந்து அவள் கழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைக் கையால் துடைக்கக்கூடாது. வியர்வைக் கை பட்டால் நேவி ப்ளூ துணியில் திட்டு விழும். அதனால் தோளை உயர்த்தி, கன்னத்தை ஜாக்கெட்டின் கையில் தேய்த்துக்கொண்டு, அடுத்த மடிப்புக்குப் போவாள்.

ஏப்ரல் கடைசி வாரம். ஜூனில் பள்ளிக்கூடங்கள் திறக்கும். பெங்களூரு ஈஜிபுராவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் நாலு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே ஷீட் போட்ட அந்தக் கூடத்தில் இருபத்திரண்டு பெண்கள் பதினோரு பள்ளிகளுக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக ஒன்பது மணிக்குத்தான் வேலை. வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிட்டுச் சீக்கிரம் போகிறோம், ஆறு மணிக்கே வருகிறோம் என்று இவர்கள்தான் கேட்டார்கள். கன்னடக்காரரான முதலாளி கோவிந்தப்பா உடனே ஒத்துக்கொண்டார். ஆறு மணிக்குக் கதவு திறந்தது. சாயந்திரம் மூடும் நேரம் மட்டும் முன்பு போலவே ஆறு மணியாக இருந்தது.

"வெயிலுக்கு முன்னாடியே வந்து, அதை வாங்க வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வெச்சு, வழியனுப்பிட்டுத்தானே போறோம்" என்றாள் பார்கவி, நூல் கண்டை மாற்றிக்கொண்டே. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் அவள் கைக்கு ஈடு கிடையாது. வாய்க்கும்தான். "இதைவிட மரியாதை யாரு பண்ணுவா?"

சிலர் சிரித்தார்கள். தமயந்தி சிரிக்கவில்லை. அவள் செக்கர். தைத்து வரும் ஒவ்வொரு உடுப்பையும் புரட்டி, விட்ட தையல், தொங்கும் நூல், ஏறியிறங்கிய பட்டன் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறாள். தவறு எங்கே இருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரியும்.

ஏழு மணிக்கே கூடம் முழுக்க வெளுத்துவிட்டது. தலைக்கு மேலே நாற்பது ஷீட்டுகள், நாற்பதும் பால் வெள்ளை ஃபைபர். எங்கும் நிழல் விழவில்லை. ஊசிக் காதுகூடத் தூரத்திலிருந்து தெரிந்தது. ஜனவரியில் இந்தக் கூரை ஏறிய அன்று பெண்கள் கை தட்டினார்கள். "தமயந்தி அக்கா கூரை" என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். இப்போது யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பது தன்மேல் இருக்கிற பிரியத்தாலா, வெறுப்பாலா என்று தமயந்திக்குத் தெரியவில்லை. யாராவது வாய்விட்டுத் திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

பழைய கூரை சிமெண்ட் ஷீட். போன அக்டோபர் மழையில் அது மூன்று இடத்தில் விரிசல் விட்டு, தைத்து அடுக்கிய சட்டைக் கட்டு ஒன்று நனைந்து பாழானது. கூரையை மாற்றுவது என்று கோவிந்தப்பா முடிவெடுத்தது அந்தக் கட்டுக்காகத்தான். ஆனால் அவர் கூடத்தின் நடுவில் நின்று சொன்னது வேறு.

"உள்ள உக்காந்து வேலை செய்றது நீங்க. நானா வந்து உக்காரப் போறேன்? நீங்களே பேசி முடிவு பண்ணுங்க, எந்த ஷீட் வேணும்னு. நாம எல்லாம் ஒரே ஃபேமிலி."

அவர் கெட்டவர் இல்லை. யுகாதிக்கு ஒப்பட்டுப் போளி வாங்கி வந்து தன் கையால் கொடுப்பார். யாருக்காவது குழந்தை பிறந்தால் பெயர் கேட்பார், கேட்டதை மறக்கவும் மாட்டார். ஆனால் பகலில் டியூப் லைட் போடக்கூடாது என்பது அவருடைய சட்டம். சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே நண்பகலிலும் அந்தி மாதிரி இருக்கும். நேவி ப்ளூ துணியில் நேவி ப்ளூ நூல். எந்த இழை துணி, எந்த இழை தையல் என்று பார்த்துப் பார்த்துக் கண் கரிக்கும். தீபிகாவுக்கு இருபத்தாறு வயதிலேயே கண்ணாடி. பார்கவியின் ஆள்காட்டி விரலில் ஊசி இரண்டு முறை இறங்கி ஏறியிருந்தது.

அதனால் அன்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சு நீளவே இல்லை. வெளிச்சம் வேண்டும். இருபத்திரண்டு பேருக்கும் அது ஒன்றுதான் வேண்டும். கைக்குட்டை அளவு நேவி ப்ளூ துணியில் அதே நூலால் பாதி தைத்து, ஊசியை அப்படியே குத்தி வைத்துத் தமயந்தியிடம் கொடுத்தார்கள். "எந்த ஷீட்டுக்கு அடியில இந்தத் தையல் பளிச்சுன்னு தெரியுதோ அதைச் சொல்லிட்டு வா அக்கா."

கோவிந்தப்பாவின் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து சிவாஜிநகர் போன அந்தக் காலையைத் தமயந்தி பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நாற்பத்து நாலு வயதில் அவளிடம் யாரும் எதையும் கேட்டு முடிவெடுத்ததில்லை. யாருக்குக் கழுத்தை நீட்டுவது, எந்த வீட்டுக்குக் குடி போவது, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் அவளிடம் வந்து சேரும். அன்று ஒரு முதலாளி, சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீ என்ன நினைக்கற தமயந்தம்மா?" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கார் ஊர்ந்தபோது, நடந்து போகிறவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று அவள் பார்த்தாள். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஷீட் கடையில் டேரில் என்ற ஆங்கிலோ இந்தியர் இருந்தார். காக்ஸ் டவுன்காரர். பேச்சில் அவசரம் இல்லை. மேஜை மேல் பரீட்சை அட்டை அளவு துண்டுகளை வரிசையாக வைத்தார்.

"சிமெண்ட் ஷீட் வெயிலை மெதுவா வாங்கும், மெதுவாத்தான் விடும். சாயந்திரம் ஆனாலும் உள்ள அனல் இருக்கும். அறுக்கும்போது வர்ற தூசி நெஞ்சுக்கு ஆகாது. அதை வாங்கச் சொல்ல மாட்டேன். இது கலர் கோட்டிங் தகரம். சட்டுன்னு சுடும், சட்டுன்னு ஆறும். மழை பெஞ்சா உள்ள பேச முடியாது. இது ரெண்டு தகரத்துக்கு நடுவுல ஃபோம் வெச்சது. சூடும் இறங்காது, சத்தமும் இறங்காது. விலைதான் கொஞ்சம்..."

"அது வேணாம்" என்றார் கோவிந்தப்பா.

"இது ஃபைபர். வெளிச்சம் அப்படியே வரும்."

தமயந்தி துணியை எடுத்து மேஜைமேல் விரித்தாள். ஒவ்வொரு துண்டாக அதற்கு மேலே பிடித்துப் பார்த்தாள். காலை ஒன்பதரை மணி. ஜனவரிக் குளிர். கடை வாசலில் நின்றவர்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். ஃபைபருக்கு அடியில் ஒவ்வொரு தையலும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது.

"இதுதான்" என்றாள்.

டேரில் தலையசைத்தார். "நல்லதுதான் அக்கா. ஆனா முழுக்கப் போடாதீங்க. நாலுக்கு ஒண்ணு. மூணு கலர் ஷீட், ஒரு ஃபைபர், திரும்ப மூணு. வெளிச்சத்துக்கு அதுவே தாராளம். முழுக்கப் போட்டா ஏப்ரல்ல கீழ இருக்கறவங்க வெந்துடுவாங்க." பிறகு கோவிந்தப்பாவின் பக்கம் திரும்பினார். "சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவுல ஒரு அடி திறந்து விடுங்க சார். மேல ரெண்டு உருண்டை ஃபேன். கரண்ட் வேணாம், காத்துலயே சுத்தி சூட்டை இழுத்துடும். எந்த ஷீட்டும் தன்னால நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. கீழ என்ன வேலை நடக்குதுங்கறதுதான் கணக்கு. உங்ககிட்ட அயர்னிங் வேற இருக்குன்னீங்க."

"ஆயிது, ஆயிது. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கோவிந்தப்பா. அவர் பார்வை கடையின் பின்பக்கம் சாய்த்து வைத்திருந்த ஒரு குவியலின் மேல் இருந்தது. ஏதோ ஒரு ஹாலுக்குச் சொல்லி வைத்து, எடுக்காமல் போன ஃபைபர் ஷீட்டுகள். மொத்தமாக எடுத்தால் விலையைத் தள்ளிக் கொடுப்பார்களா என்று கேட்டார். கொடுப்பார்கள். நாற்பது ஷீட்.

தமயந்தி அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

கூரை ஏறியது. உருண்டை ஃபேன் வரவில்லை. ஒரு அடித் திறப்பு முதலில் இருந்தது. அதில் புறாக்கள் நுழைந்து வெள்ளைச் சட்டைகளின் மேல் எச்சமிட்டதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை வைத்து அடைத்துவிட்டார்கள். அப்போதும் தமயந்தி எதுவும் சொல்லவில்லை. பெண்கள் அவளைச் சுற்றி நின்று, "அக்கா, உன் புண்ணியத்துல கண்ணு தப்பிச்சுது" என்றபோது, நாலுக்கு ஒன்று என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அந்த முகங்கள் மாறிவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். பிறகு அடுத்த வாரம். பிறகு மார்ச் வந்துவிட்டது.

எல்லம்மா விழுந்தது அந்த ஏப்ரல் நாள் மதியம் ஒன்றே முக்காலுக்கு.

அன்று பன்னிரண்டு மணியிலிருந்தே வெட்டு மேஜையில் கோடு போடுகிற மெழுகுச் சாக் வளைந்துகொண்டிருந்தது. பிடித்தால் விரலில் குழைந்தது. மிஷின் தலையில் கை வைக்க முடியவில்லை. சுவரிலிருந்த இரண்டு ஃபேன்களும் அனலைத்தான் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளின. எல்லம்மா அயர்ன் பாக்ஸை உயர்த்தினாள். அது இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கவில்லை. என்ன இவள் யோசிக்கிறாள் என்று தமயந்தி நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லம்மாவின் முழங்கால்கள் மடிந்தன. அவள் விழுந்தாள். அயர்ன் பாக்ஸ் அவளுடைய இடது கையின் மேல் விழுந்து, அங்கேயே இருந்தது. எல்லம்மா கத்தவில்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

பார்கவி பாய்ந்து ஒயரைப் பிடுங்கினாள். தீபிகா கையில் கிடைத்த பள்ளிச் சட்டையை நனைத்து எல்லம்மாவின் நெற்றியில் வைத்தாள். உடம்பு நெருப்பாகச் சுட்டது, வியர்வை ஒரு சொட்டு இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். முதல் திருப்பம் தாண்டியதுமே காற்று மாறியது. நிழல் வந்தது. இரண்டாவது மாடி வராந்தாவில் எல்லம்மா கண்ணைத் திறந்து, "அந்த பண்டல்ல இன்னும் ஆறு பாக்கி" என்றாள்.

கோவிந்தப்பாதான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மருந்துச் சீட்டில் டாக்டர், வேலை செய்யும் இடத்தில் அதிக வெப்பம் என்று எழுதியதையும் அவர்தான் முதலில் படித்தார்.

மறுநாள் சாயந்திரம் தமயந்தி எல்லம்மாவின் வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளி, ஒற்றை அறை. எல்லம்மா பாயில் படுத்திருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு. அயர்ன் பாக்ஸின் முனை அந்தக் கட்டுக்குள்ளே முக்கோணமாகப் பதிந்திருக்கும் என்று தமயந்தி நினைத்தாள். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"சாப்பிட்டியா?"

"கஞ்சி குடிச்சேன். இந்தக் கை மடங்கல. மடிப்பு எப்படி வெக்கறதுன்னு பாத்துட்டிருக்கேன்." எல்லம்மா தன் கையையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆனா ஒண்ணு தமயந்தி. வெளிச்சம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுல உன்னைக் குத்தம் சொல்ல முடியாது."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள். தமயந்தியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சிவாஜிநகர், டேரில், நாலுக்கு ஒன்று, ஒரு அடித் திறப்பு, உருண்டை ஃபேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை.

எல்லம்மா வலது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன் சொல்லல?"

"எல்லாரும் கை தட்டினீங்க."

"கை தட்டினோம்னா?"

"எனக்கு யாரும் அதுவரைக்கும் தட்டினதில்ல எல்லம்மா."

எல்லம்மாவின் முகத்தில் கோபம் வந்தது. தமயந்தி எதிர்பார்த்துக் காத்திருந்த கோபம்தான். வந்தபோது அது வேறு திசையில் பாய்ந்தது. "இதை எங்கிட்ட வந்து சொல்லி நான் என்ன பண்ண? நான் வெந்து முடிஞ்சாச்சு. வேகப் போறவ எல்லாம் அங்க உக்காந்திருக்கா. போய் அங்க சொல்லு. எங்கிட்ட அழுதுட்டுப் போனா உனக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான்."

தமயந்தி எழுந்து வெளியே வந்தாள். தெருவில் மனிதர்கள் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள். எல்லம்மா சொன்னதில் கடைசி வார்த்தைதான் அவளை உறுத்தியது. ஆமாம், அதற்காகத்தான் வந்தாள். தன் பாரத்தை இறக்கிவைக்க, வெந்து கிடப்பவளின் மடியையே தேடி வந்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, டீ வரும் நேரத்தில், கோவிந்தப்பா மேலே வந்தார். கையில் ஒரு தாள். மிஷின்கள் நின்றன.

"எல்லம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் என்னுது. அவ குணமாகி வர்ற வரைக்கும் வேற ஆள் போட மாட்டேன். சரியா?" என்றார். சிலர் தலையாட்டினார்கள். "இது சும்னே ஒரு லெட்டர். லேபர் ஆபீஸ்ல இருந்து யாராவது வந்து கேட்டா காட்டறதுக்கு. தமயந்தம்மா, கன்னடத்துல இருக்கு, எல்லாருக்கும் தமிழ்ல படிச்சுச் சொல்லிடு. மொதல் கையெழுத்து உன்னுது."

தமயந்தி படித்தாள். பழைய கூரையை மாற்றும்போது தொழிலாளர்களான எங்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. எங்கள் பிரதிநிதி கடைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். எங்கள் விருப்பப்படி வெளிச்சம் வரும் ஷீட் தேர்வு செய்யப்பட்டது. ஆறு மணி வேலையும் எங்கள் வேண்டுகோளின்படியே.

செக்கரின் பழக்கத்தில் அந்தத் தாளை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள். விட்ட தையல் எங்கேயும் இல்லை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. கேட்டார்கள், அழைத்துப் போனார்கள், அவள்தான் சொன்னாள். எல்லாம் நடந்தது. பொய் இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"பேனா இந்தா" என்றார் கோவிந்தப்பா.

"சார், இதுல எழுதாதது ஒண்ணு இருக்கு."

"என்ன?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. மிஷின்களுக்குப் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்துப் பேசினாள். "கடைக்காரர் நாலுக்கு ஒண்ணுதான் இந்த ஷீட் போடச் சொன்னாரு. முழுக்கப் போட்டா கீழ இருக்கறவங்க வெந்துடுவாங்கன்னு சொன்னாரு. சுவர் மேல ஒரு அடி திறந்து விடணும்னாரு. சூட்டை இழுக்கற ஃபேன் ரெண்டு வெக்கச் சொன்னாரு. சாரும் கேட்டாரு. நானும் கேட்டேன். நான் உங்ககிட்ட சொல்லல."

பார்கவி எழுந்தாள். "நாலு மாசமா தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"மார்ச் மாசம் எனக்கு மூக்குல ரத்தம் வந்துச்சு. நீதான் தலையில தண்ணி ஊத்தினே. அப்பவும் தெரியும்?"

"தெரியும் பார்கவி."

"தூ" என்றாள் பார்கவி. துப்பவில்லை. சத்தம் மட்டும்தான். அது போதுமானதாக இருந்தது.

கோவிந்தப்பா கையை விரித்தார். "நோடு, பாருங்க, அவளே ஒத்துக்கறா. நான் என்ன பண்ண முடியும்? உங்க ஆளு உங்களுக்கே சொல்லல."

அதுவரை தமயந்தியைப் பார்த்துக்கொண்டிருந்த பார்கவி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"அக்கா சொல்லாதது தப்பு சார். அதை நாங்க கேட்டுக்கறோம், எங்களுக்குள்ள. நீங்க கேட்டீங்க இல்ல? உங்க காதுலயும் விழுந்துச்சு இல்ல? அப்புறம் எதுக்கு நாப்பதும் இதையே போட்டீங்க?"

"ஷீட் செலக்ட் பண்ணது யாரு? நீங்க."

"நாங்க கேட்டது வெளிச்சம். ஷீட் வாங்கினது நீங்க."

"வெளிச்சம் கேட்டீங்க, குடுத்தேன். இப்போ நிழல் கேக்கறீங்க. நாளைக்கு ஏசி கேப்பீங்களா?"

"லைட் போட்டிருந்தா வெளிச்சமே கேட்டிருக்க மாட்டோமே சார்" என்றாள் தீபிகா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அவள் முதலாளியிடம் நேராகப் பேசியதை யாரும் இதற்குமுன் கேட்டதில்லை. அவளுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொள்ள இரண்டு முறை தவறினாள்.

கோவிந்தப்பா குரலைத் தணித்தார். "கேளுங்கம்மா. இது பெங்களூரு. இங்க வெயில்ங்கறது எத்தனை நாள்? இன்னும் இருபது நாள் பொறுத்துக்கோங்க. மழை வந்தா எல்லாம் குளுந்துடும். ஸ்கூல் தொறக்கற நேரத்துல கூரையைப் பிரிச்சா ஆர்டர் என்ன ஆகும்? ஆர்டர் போனா யாருக்கு நஷ்டம்?"

"அடுத்த வருஷம் ஏப்ரல் வராதா சார்?"

கேட்டது யாரென்று தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கோவிந்தப்பாவின் முகம் முதல் முறையாக இறுகியது.

"கையெழுத்துப் போடறவங்க போடுங்க. போடாதவங்க நாளைக்கு வர வேணாம்."

தமயந்தி தாளை அவரிடமே நீட்டினாள். "இதுல கடைக்காரர் சொன்னதையும் எழுதிக் குடுங்க சார், போடறேன். அதுவரைக்கும் போட மாட்டேன். நாலு ஷீட்டுக்கு மூணு ஷீட் மாத்தணும். அடைச்சதைத் தொறந்து, புறா வராம வலை அடிக்கணும். உருண்டை ஃபேன் வெக்கணும். அது வரைக்கும் பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் மேல யாரும் இருக்க முடியாது."

"யாரும்னா? இருபத்திரண்டு பேருக்கும் நீ பேசறியா? நாலு மாசம் பேசாதவ?"

கோவிந்தப்பா இறங்கிப் போனார்.

அதன்பிறகு மிஷின்கள் ஓடின. ஆர்டர் இருந்தது. கைகள் பழகியிருந்தன. தமயந்தியின் மேஜைக்கு உடுப்புகள் வந்தன, போயின. ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ எடுத்து வைக்கும் தீபிகா அவள் கோப்பையைச் சற்று ஓசையோடு வைத்தாள். பத்தரைக்கு ஷீட்டுகள் விரிய ஆரம்பித்து டக், டக் என்று சத்தம் எழுப்பின. பதினொன்றுக்கு மெழுகுச் சாக் குழைந்தது. தனியாக ஒருத்தி எழுந்து இறங்கினால் அதற்கு என்ன பெயர் என்று தமயந்தி யோசித்துக்கொண்டிருந்தாள். போராட்டமா? வேலையை விட்டுப் போவதா? பயமாக இருந்தது. வேலை போவதைப் பற்றி அவ்வளவாக இல்லை. படியில் இறங்கும்போது தன் பின்னால் ஒரு செருப்புச் சத்தமும் கேட்காமல் போவதைப் பற்றித்தான். இறங்கவேண்டிய நியாயம் அப்போதும் மாறாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது அவளுக்குத் தைரியம் எதுவும் தரவில்லை. ஆனாலும் அது உண்மைதான்.

பன்னிரண்டு அடித்ததும், கையிலிருந்த சட்டையைச் சரிபார்த்து முடித்து, மடித்து வைத்தாள். எழுந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். கதவைத் தாண்டி முதல் படியில் கால் வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போல் ஆகிவிடும்.

முதல் திருப்பம்வரை மிஷின்களின் இரைச்சல் குறையவே இல்லை. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓவர்லாக் நின்றது. அந்த ஒரு மிஷினின் சத்தத்தை அவளுக்குத் தனியாகத் தெரியும். அடுத்தது ஒன்று நின்றது. அப்புறம் இரண்டு மூன்றாக. கடைசியில் மேலே எதுவும் ஓடவில்லை.

பார்கவி அவளைத் தாண்டிக்கொண்டு போய் நாலு படி கீழே உட்கார்ந்தாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "உனக்காக வரல. உங்கிட்ட பேச்சும் கிடையாது. அந்தத் தண்ணி பாட்டிலைக் குடு."

தமயந்தி கொடுத்தாள்.

ஒருவர் பின் ஒருவராக இறங்கி, மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடிவரை படிகளில் உட்கார்ந்தார்கள். இருபத்தொரு பேர். சுவர் சில்லென்று இருந்தது. சிலர் முதுகை அதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார்கள். இரண்டாவது மாடி வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் கொண்டுவந்து வைத்தாள். தீபிகா தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, டேரில் சொன்னதைத் தமயந்தி சொல்லச் சொல்ல எழுதினாள். தாள் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்குப் போனது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் எல்லம்மாவின் அயர்னிங் மேஜையிலிருந்து கொண்டுவந்த, சைஸ் குத்தும் ஸ்டாம்ப் பேடில் விரல் வைத்தார்கள். எல்லம்மாவின் பெயருக்கு எதிரே இடம் விட்டார்கள். சாயந்திரம் அவள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், வலது கை நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் பார்கவி.

பன்னிரண்டரைக்குக் கோவிந்தப்பாவின் கார் வந்து நின்றது. அவர் வேகமாக ஏறி வந்தார். கால்களைத் தாண்டித் தாண்டி வந்தவருக்கு, மேலே போகும் கடைசித் திருப்பத்தில் முழங்கால்களும் செருப்புகளும் தண்ணீர்ச் சொம்பும் வழியை அடைத்திருந்தன.

"ஏனிது? எழுந்திரிங்க. மேல போகணும்."

"மேலயா சார்?" என்றாள் பார்கவி. "போங்க, தாராளமா போங்க. ஏய், சாருக்கு வழி விடுங்கடி."

படியில் இருந்தவர்கள் கால்களை மடக்கிச் சுவரோரம் ஒதுங்கினார்கள். கீழிருந்து மேல்வரை, ஒரு ஆள் போகிற அகலத்துக்கு வழி திறந்தது.

"ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வாங்க சார்" என்றாள் தமயந்தி. "ஃபேன் போட்டுத்தான் வெச்சிருக்கோம். நாங்க இங்கேயே இருக்கோம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். படிகளின் உச்சியில், திறந்து கிடந்த கதவு வழியாக, வெள்ளை வெளிச்சம் கண்கூச நின்றது. இருபத்தொரு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தப்பா ஒரு படி ஏறினார். இன்னொரு படி. பிறகு கைப்பிடிச் சுவரில் கை வைத்து நின்றுவிட்டார். செல்போனை எடுத்தார், யாரையும் அழைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

வழி அப்படியே திறந்திருந்தது.